படியட்டும்

அவர் இருந்த காலத்தில் என் கடை அலமாரியில் ஒரு பாட்டில்கூட முகத்தைக் காட்டி நின்றதில்லை. பன்னீர், வினிகர், மாதுளைச் சாறு, நன்னாரி சர்பத் என்று வரிசையாக, லேபிள் வாசலைப் பார்க்க நிறுத்தி வைப்பேன். பக்கத்து சலூனிலிருந்து சாயங்காலம் டீ குடிக்க வருகிறவர், ஒரு கையில் டீயைப் பிடித்துக்கொண்டு மறு கையால் வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒவ்வொரு பாட்டிலையும் தொட்டு ஒரு திருப்பு திருப்பிவிட்டுப் போவார். பெரிய திருப்பு ஒன்றும் இல்லை, இத்தனூண்டுதான். ஆனால் நாலைந்து நாளில் சரக்கெல்லாம் வாசலுக்கு முதுகைக் காட்டி நிற்கும்.

"ஓய், கையைச் சும்மா வச்சிக்கிட்டு இரும்வே. வாறவனுக்கு இது வினிகரா பன்னீரான்னு எப்படித் தெரியும்?" என்று கத்துவேன்.

அவருக்குத் தான் திருப்பியதே தெரிந்திருக்காது. கையைப் பார்ப்பார், பாட்டிலைப் பார்ப்பார், சிரிப்பார்.

மஸ்கட்டில், ரூவி பஸ் நிலையத்துக்குப் பின்னால் போகிற சந்தில் இருக்கிறது என் பக்காலா. ஊரில் மளிகைக்கடை என்போமே, அதேதான். ஒரே சுவரை ஒட்டினாற்போல் மலையாளி ஒருவரின் சலூன். அங்கே இரண்டு நாற்காலிகள். வாசல் பக்கத்து நாற்காலியில் ஒரு வங்காளி, யல்லா யல்லா என்று மிஷினை ஓட்டி ஆளைக் கிளப்பிவிடுவான். உள் நாற்காலி இவருடையது. அதில் உட்கார்ந்துவிட்டால் எழுந்திருப்பது நம் கையில் இல்லை. பொறுமையை உம்மா வயிற்றிலேயே விட்டுவிட்டு வந்தவன் என்று எங்கள் காயல்பட்டினத்து வீட்டில் எனக்குப் பெயர். அப்படிப்பட்ட நான் வெள்ளிக்கிழமைதோறும் ஜும்ஆ தொழுகைக்கு முன்னால் அந்த உள் நாற்காலிக்காகக் காத்துக் கிடந்தேன் என்றால் அவர் கையை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

முதலில் சுடுதண்ணீரில் பிழிந்த துண்டு. அப்புறம் கிண்ணத்தில் பிரஷ்ஷைச் சுற்றிச் சுற்றி நுரை எடுத்துப் பூசுவார். பூசிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிடுவார். ஆள் நின்றுகொண்டே தூங்கிவிட்டாரோ என்று கண்ணாடியில் பார்ப்பேன்.

"என்னவே, கத்தி வாங்க கடைக்குப் போகணுமா?"

"இருங்க பாய். நுரை படியட்டும். வேலையப் பூரா அதுவே செஞ்சிரும். கத்தி சும்மா அள்ளுறதுதான்."

இந்தப் படியட்டும்தான் அவர். தலையில் முடி நட்டுக்கொண்டு நின்றால் தண்ணீர் தொட்டு வைத்துவிட்டுப் படியட்டும் என்பார். டீயில் தூள் மிதந்தால் படியட்டும். மணல் காற்று அடித்துச் சந்தில் ஆளே தெரியாவிட்டால் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு படியட்டும். அவருடைய கடைக்கார மலையாளிக்கும் எனக்கும் ஒரு முறை பெரிய தகராறு வந்தது. சலூன் ஏசித் தண்ணீர் சுவர் வழியாக இறங்கி என் அரிசி மூட்டைகளை நனைத்துவிட்டது. பலதியாவில், அதான் முனிசிபாலிட்டியில், புகார் கொடுத்தே தீருவேன் என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். இவர் வாசலில் குறுக்கே நின்றார். "வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுங்க பாய். படியட்டும்." வெள்ளிக்கிழமைக்கு முன்னாலேயே மலையாளி தானாக வந்து, குழாயை மாற்றிவிட்டேன் இக்கா, மன்னிக்கணும் என்றார். அதிலிருந்து இந்த மனுஷனின் வார்த்தையில் ஏதோ இருக்கிறது என்று நானும் நம்பத் தொடங்கினேன்.

பாட்டிலைத் தொடுகிற கைப்பழக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்டபோது, நாசிக் பக்கம் ஒரு கம்பெனியில் பாட்டில் திருப்புகிற வேலை பார்த்ததாகச் சொன்னார். என்ன கம்பெனி என்றேன். அவர் சொன்னது ஷாம்பெயின். என் காதில் விழுந்தது ஷாம்பு. சலூன்காரர் ஷாம்பு கம்பெனியில் இருந்திருக்கிறார், பொருத்தம்தானே என்று ரொம்ப காலம் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன். சந்தில் எல்லோரும் அவரை ஷாம்பு அண்ணே என்று கூப்பிட்டதற்கு நான்தான் காரணம். ஒருநாள், "ஷாம்புவை எதுக்குவே தலைகீழா வச்சித் திருப்பணும்?" என்று கேட்டபோதுதான் குட்டு உடைந்தது. மதுவா என்று அஸ்தஃபிருல்லாஹ் சொல்லிவிட்டு, அந்தப் பேச்சை என் கடைக்குள் எடுக்கக் கூடாது என்று கண்டித்தேன். அவரும் எடுக்கவில்லை. தன் கடையில், என் முகத்தில் நுரையைப் பூசி, வாயைத் திறந்தால் சோப்பு உள்ளே போகும் என்ற நிலையில் வைத்துத்தான் சொன்னார்.

"திராட்சைச் சாறு பாட்டிலுக்குள்ளயே திரும்பப் பொங்கும் பாய். பொங்குனா கசண்டு விழும். கசண்ட வெளிய எடுக்கணும், உள்ள இருக்குற பொங்கல் போயிரக் கூடாது. எப்படி எடுப்பீங்க?"

நான் எங்கே பதில் சொல்ல?

"பாட்டிலத் தலைகீழாச் சாச்சு வச்சு, தினம் தினம் இத்துணூண்டு திருப்பணும். கசண்டு சரிஞ்சு சரிஞ்சு கழுத்துக்கு வந்து படியும். மாசக்கணக்குல ஆகும். நல்லாப் படிஞ்சப்புறம் கழுத்த மட்டும் உறைய வச்சு மூடியத் தட்டுனா, கசண்டு ஒரே துண்டாத் தெறிச்சுப் போயிரும். பெருவிரல வச்சு டக்குனு அடைச்சிரணும். அப்புறம் பாத்தா உள்ள கண்ணாடி மாதிரி இருக்கும்."

சொல்லிக்கொண்டே என் தாடையைப் பெருவிரலால் நிமிர்த்திக் கழுத்திலிருந்து மேலே ஒரே இழுப்பு இழுப்பார். கத்தி பட்டதே தெரியாது. இரண்டு தொழிலும் ஒன்றுதான் என்பது அவர் கட்சி. முழங்கை அசையக் கூடாது, மணிக்கட்டு மட்டும்தான். காத்திருப்பதுதான் வேலை, கை வைப்பது கடைசியில் ஒரு நொடி. தண்ணீரைத் தெளிய வைக்கிற படிகாரம்தான் கத்தி பட்ட காயத்தையும் ஆற்றுகிறது என்று கண்ணாடிக்குக் கீழே இருந்த படிகாரக் கட்டியை எடுத்துக் காட்டுவார். அந்தக் கட்டி வாங்கினபடிக்கே இருக்கும். யார் முகத்திலும் அவர் கத்தி பட்டதில்லை.

அவர் இடது புருவத்துக்குக் கீழே ஒரு வெட்டுத் தழும்பு உண்டு. அந்தக் கம்பெனிக்குப் புதிதாக வந்த ஒருத்தன் அவசரப்பட்டுப் பாட்டிலைக் குலுக்கியதில் வெடித்த கண்ணாடி. அதிலிருந்து குலுங்குகிற எதைப் பார்த்தாலும் அவருக்குப் பயம். சோடா பாட்டில் வாங்கினால் குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போவார். சந்துக்காரர்கள் கேலி செய்வார்கள்.

பிறகு அந்தக் கம்பெனியில் ஆயிரம் பாட்டிலை ஒரே தடவையில் திருப்புகிற மிஷின் வந்தது. கம்பம் பக்கம் தன் ஊரில் அப்பா கையிலிருந்த சவரக் கத்தி வேண்டாம் என்றுதான் திராட்சை லாரியில் ஏறிப் போயிருந்தார். திரும்பவும் கத்திக்கே வந்தார், பம்பாய் வழியாக இங்கே.

லீவில் ஊருக்குப் போகிறவர்கள் எங்கெங்கிருந்தோ அவரிடம் வருவார்கள். டிக்கெட் பையில் இருக்கும், முகத்தில் சிரிப்பு அடங்காது. அவர்களுக்கு மட்டும் இன்னொரு தரம் துண்டு வைத்து, இன்னொரு தரம் நுரை பூசி அனுப்புவார். "அங்கயும் யாரோ சந்தோஷமா இருக்கத்தான் திருப்புனோம். இங்கயும் அதான்" என்பார். அவர் லீவு மட்டும் தள்ளிக்கொண்டே போகும். பெருநாள் கூட்டம் முடியட்டும் என்று முதலாளி சொல்லுவார். இவரும் படியட்டும் என்பார்.

அவருக்கு ஒரே மகள். மனைவி முன்பே இறந்துவிட்டாள். அக்காவிடம் விட்டு வளர்த்த பிள்ளையை, முந்தைய லீவில் போய்க் கட்டிக்கொடுத்துவிட்டு வந்தார். மாப்பிள்ளை தேனியில் செல்போன் கடை வைத்திருந்தான். "எங்க ஆளுகதான் பாய். ஆனா ரெண்டு தலைமுறையாக் கத்தியத் தொட்டதில்ல" என்று பெருமையாகச் சொன்னார். கல்யாண மிட்டாயை நான்தான் சந்து முழுக்கக் கொடுத்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை நான் நுரையோடு நாற்காலியில் இருந்தபோது போன் அடித்தது. அவர் கையெல்லாம் சோப்பு. ஸ்பீக்கரில் போட்டுக் கண்ணாடி முன்னால் சாய்த்து வைத்தார்.

"யப்பா, நான் வந்துர்றேன்ப்பா."

"என்னா தாயி? என்ன ஆச்சு?"

"சிரைக்கிறவன் மகள்னு எந்திரிச்சதுலருந்து பேசுறாங்கப்பா. நேத்துக் கை வச்சிட்டாரு. என்ன வளத்த அத்தைகிட்டச் சொன்னா, உன் அப்பனக் கேளுங்குது. நீங்க சொல்லுங்கப்பா, நான் வந்துர்றேன்."

அவர் பிரஷ்ஷைக் கிண்ணத்தில் வைத்தார். 

"பெருநாள் முடிஞ்சதும் லீவுல வரேன் தாயி. வந்து நேர்ல பேசிக்கிறேன். அதுவரைக்கும் அவங்க சொல்றதுக்குக் கொஞ்சம் படிஞ்சு போ. கொஞ்ச நாள்தான். எல்லாம் படிஞ்சிரும்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு, "சரிப்பா. சாப்ட்டீங்களா?" என்ற குரல் வந்தது. போன் அணைந்தது.

நான் வாயை மட்டும் துண்டால் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். எனக்கும் இரண்டு பெண்கள். "ஓய், பிள்ளை அழுவுது. போய்க் கூட்டிட்டு வாரும்வே! முதலாளிகிட்ட நான் பேசுறேன். லீவு இல்லையின்னா அக்காகிட்டச் சொல்லி இன்னைக்கே அழைச்சிட்டு வரச் சொல்லும்."

"உக்காருங்க பாய். நுரை காயுது."

"நுரை கிடக்கட்டும்!"

"கலங்கியிருக்கப்ப மூடியத் தொறந்தா கசண்டோட சேந்து எல்லாம் வெளிய போயிரும் பாய். பாட்டில்ல ஒண்ணும் மிஞ்சாது. நான் பாத்திருக்கேன்."

"உமக்கு அவ மகளா, பாட்டிலா?"

அவர் கோபப்படவில்லை. குரலைத் தாழ்த்திச் சொன்னார். "அறுத்துக்கிட்டு வந்தா எங்க பாய் வருவா? அவ ஆத்தா இல்ல. எங்கக்கா வீட்டுல ஏற்கெனவே ஒரு மருமக. நான் இங்க, எட்டுப் பேரு ரூம்ல ஒரு கட்டில்ல கெடக்கேன். சொல்லுங்க, எங்க வருவா?"

 ஆனாலும் அதற்குப் பிறகும் நான் விடவில்லை. டீ குடிக்க வரும்போதெல்லாம் சண்டை போட்டேன். முதலாளியிடமும் பேசினேன், பெருநாளுக்கு மறுநாளே போகலாம் என்று அவரும் ஒப்புக்கொண்டார். நாட்கள் போகப்போக மகளின் போன் வந்தால் இவர் முகம் மலர ஆரம்பித்தது. ஒருநாள் வேண்டுமென்றே ஸ்பீக்கரில் போட்டு என்னைக் கேட்க வைத்தார். அழுகை இல்லை. "நல்லாருக்கேன்ப்பா. சாப்ட்டீங்களா?" அவ்வளவுதான்.

"தெளிஞ்சிருச்சு பாய். நீங்கதான் குதிச்சீங்க" என்றார், பாட்டில்களைத் திருப்பிக்கொண்டே.

அடுத்த தடவையும் அதே வார்த்தைகள். அதற்கடுத்த தடவையும் அதே. ஒரு எழுத்துக்கூட மாறவில்லை.  ஒப்பிக்கிற மாதிரி இருக்கிறதே என்று அவரிடம் சொன்னேன். சிரித்தார். மகளுக்குச் சேலையும், மாப்பிள்ளைக்கு ஒரு வாட்சும் வாங்கி வைத்திருந்தார்.

பெருநாளுக்குக் கொஞ்சம் முன்னால், மத்தியானம் கடைக் கதவைப் பாதி இறக்கி வைத்திருந்தபோது குனிந்து உள்ளே வந்தார். கையில் போன் இருந்தது.

"பாய், இதக் கொஞ்சம் கேளுங்க. எங்கக்கா பேசுது. எனக்குச் சரியாக் கேக்கல."

வாங்கிக் காதில் வைத்தேன். எனக்கு நன்றாகவே கேட்டது. அந்த அம்மாள் கதறிக்கொண்டு ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவருக்கும் கேட்டிருக்கும். அதை இன்னொருவர் வாயால், மெதுவாகக் கேட்க வேண்டியிருந்தது அவருக்கு. நான்தான் சொன்னேன். பிள்ளை போய்விட்டது என்று தமிழில் சொல்ல எத்தனை வழி இருக்கிறது, எனக்கு ஒன்றும் வாயில் வரவில்லை. எப்படியோ சொன்னேன்.

அவர் அலமாரியைப் பிடித்துக்கொண்டார். கை தானாகப் பாட்டில் மேல் போனது. ஒன்று, அடுத்தது, அடுத்தது என்று வரிசை முடிகிறவரை திருப்பினார். முடிந்ததும், போக வேறு இடம் இல்லாததுபோல் அந்தக் கோடியில் நின்றுவிட்டார். நான் போய்ப் பிடித்துக்கொண்டேன். அந்த உடம்பு குலுங்கிய குலுக்கல் இன்னும் என் கையில் இருக்கிறது.

பாஸ்போர்ட், அவருக்கு விசா கொடுத்த அரபியான கஃபீலிடம் இருந்தது. கஃபீல் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி சலாலாவில் இருந்தார். நல்ல மனிதர், சொன்னதும் ஆளிடம் கொடுத்தனுப்பினார். இருந்தும் இவர் போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்து காடாத்தும் ஆகிவிட்டது. அவளாகவே செய்துகொண்டாள் என்று அந்த வீட்டார் சொன்னார்கள். அவளாகவா, இல்லையா என்று யாரும் தோண்டவில்லை. அந்த மாப்பிள்ளை கடையை நடத்திக்கொண்டுதான் இருக்கிறான். இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரம் ஆறவில்லை.

அவர் திரும்பி வந்தார். ஊரில் இருந்து என்ன செய்ய? மறுநாளே டூட்டிக்குப் போனார். வெள்ளிக்கிழமை நான் போய் உட்கார்ந்தேன். துண்டு வைக்கவில்லை. நுரையை அள்ளிப் பூசி, பூசின கையோடு கத்தியை இழுத்தார். எரிந்தது.

"என்னவே அவசரம்? கொஞ்சம் ஊறட்டுமே" என்றேன். நான், அவசரத்துக்குப் பேர்போன நான் சொன்னேன்.

"ஊறுனா என்ன, ஊறாட்டி என்ன பாய்? போகப்போறது மசுருதான?"

கழுத்தில் ரத்தம் வந்தது. படிகாரத்தை எடுத்துத் தேய்த்தார். அந்தக் கட்டி பாதியாகத் தேய்ந்து போயிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். வங்காளியைவிட வேகமாக ஆளை இறக்கினார். உள் நாற்காலிக்கு இப்போது யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. முதலாளிக்கு ஏகப்பட்ட சந்தோஷம். "இப்போழ்தான் ஆளு சரியாயி" என்று என்னிடமே சொன்னார். 

என் அலமாரியில் பாட்டில்கள் வாசலைப் பார்த்து ஒழுங்காக நின்றன. டீ குடிக்க வந்தால் மறு கையை பேண்ட் பையில் விட்டுக்கொண்டு நிற்பார். தொட்டால் தொடட்டும் என்று நானே சில பாட்டில்களை முன்னால் தள்ளி வைத்துப் பார்த்தேன். தொடவில்லை. படியட்டும் என்ற சொல் அவர் வாயிலிருந்து விழவே இல்லை. டீத்தூள் மிதந்தால் அப்படியே கீழே கொட்டிவிட்டுப் போவார். கொஞ்ச காலத்தில் குவைத்துக்கு, அப்பாசியாவில் ஒரு சலூனுக்குப் போய்விட்டார். முதலில் போன் எடுத்தார். பிறகு அந்த நம்பர் இல்லை.

போவதற்கு முந்தின வாரம் நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன். நான் சலூன் பெஞ்சில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆபீஸ் உத்தியோகம் பார்க்கிற தமிழர் ஒருவர் தன் சின்ன மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். நாற்காலிக் கைகளுக்குக் குறுக்கே பலகை போட்டு அவளை அதில் உட்கார வைத்தார்கள். இவர் முடியை வெட்டி முடித்துவிட்டார். உச்சியில் ஒரு கற்றை மட்டும் நட்டுக்கொண்டு நின்றது.

"நாளைக்கு ஸ்கூல்ல போட்டோண்ணே. இது மட்டும் எண்ணெய் வச்சாலும் அடங்க மாட்டேங்குது. எப்படியாவது படிய வச்சு விட்டுருங்க" என்றார் அப்பா.

இவர் தண்ணீர் தொட்டு வாரினார். கற்றை எழுந்து நின்றது. இன்னும் கொஞ்சம் தண்ணீர். மறுபடி எழுந்தது.

அப்பா சிரித்தார். "அவள மாதிரியே. சொன்ன பேச்சு கேக்காது."

சீப்பு தலைக்கு மேலேயே நின்றுவிட்டது. கண்ணாடியில் இவர் முகத்தைப் பார்த்தேன். பேப்பரை மடித்துவிட்டேன்.

"படிய வேணாம் சார்" என்றார்.

"ஐயோ, போட்டோண்ணே..."

"படிய வேணாம். நிக்கட்டும், விடுங்க."

சீப்பைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலிக்கு முன்னால் வந்து குனிந்து அந்தக் குழந்தையின் முகத்துக்கு நேராகச் சொன்னார்.

"யாரு சொன்னாலும் படிஞ்சிராத தாயி."

குழந்தைக்குத் தமிழ் எவ்வளவு புரிந்ததோ, உச்சியைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தாள். அப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. என்ன ஆள் இவர் என்பதுபோல் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அந்த அப்பா மகளை இறக்கி, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே போனார். கண்ணாடிக் கதவு வழியாக, வெயிலில் அந்த ஒற்றைக் கற்றை ஆடிக்கொண்டே போவது சந்து திரும்புகிறவரை தெரிந்தது. அடுத்த ஆள் வந்து நாற்காலியில் உட்கார்ந்து வெகுநேரம் ஆகியும், இவர் கதவைப் பார்த்தே நின்றுகொண்டிருந்தார்.